இரண்டு புள்ளி, ஒரு வளைவு

அக்காவைக் கிடத்தியிருந்த பெஞ்சின் ஒரு கால் ஆடிக்கொண்டேயிருந்தது. பாத்திரக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார். அசைத்துப் பார்த்தார். இன்னும் ஆடியது. வெளியே இழுத்து எட்டாக மடித்தார். அப்போதும் ஆடியது.

வந்ததிலிருந்து யாரும் அவரிடம் பேசவில்லை. ஒரு வருஷமாக இந்த வாசலை மிதிக்காத தம்பி, மூச்சு நின்ற பிறகு வந்து நின்றால் என்ன பேசுவார்கள்? அக்கா மகள் மட்டும் கதவருகில் "வாங்க மாமா" என்றாள். அந்த "வாங்க"வில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் தேவலை என்று தோன்றியது அவருக்கு. பெஞ்சுக் கால் கிடைத்தது.

அக்கா ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள். பதினோரு வருஷமாக ஒரே அலுமினிய அண்டா. தம்பி கடையில் எடுத்தது. முதலில் கை நடுங்கியது. அப்புறம் கால் வீங்கியது. கடைசியில், சிறுநீரகம் போய்விட்டது, ரத்தத்தில் காரீய விஷம் இருக்கிறது என்றார் டாக்டர். அண்டாவைச் சுரண்டிச் சோதித்தால் அதிலும் காரீயம். அண்டா செய்த கம்பெனி மேல் வழக்குப் போட்டாள் அக்கா.

அந்த வாரமே கம்பெனியின் விற்பனையாள் கடைக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க அக்கா கடைப் பேரையும் சேர்த்துச் சொன்னாங்கன்னா நீங்களும் கூண்டுல ஏறணும் சார். கொஞ்ச நாள் தள்ளியே இருங்க" என்றான்.

தள்ளியே இருந்தார். அக்காவிடமிருந்து போன் வரும், எடுக்க மாட்டார். நாலு மாதத்தில் அதுவும் நின்றது. சம்மன் எப்போது வருமோ என்று தபால்காரரைக் கண்டாலே கிடங்குக்குள் போய்விடுவார். வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் இல்லை. வலிக்காத பல்லை யாராவது தட்டிப் பார்ப்பார்களா?

"டீ ஆறிடப் போகுது, எல்லாரும் எடுத்துக்குங்க" என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா குரல் கொடுத்தாள். நடைவழியில் அடுப்பு வைத்து அவள்தான் வந்தவர்களையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். துணியால் அண்டாவைப் பிடித்துத் தூக்கி, ஜக்கில் சாய்த்தாள். அண்டாவின் அடிப்பக்கம் கடைக்காரரைப் பார்த்தது.

இரண்டு புள்ளி. கீழே ஒரு வளைவு.

அவர் கையால் குத்தியது. கடையில் விற்கும் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் சின்ன உளியால் அப்படிக் குத்துவார். பழசை மாற்ற வருகிறவர்கள் வேறு கடைச் சரக்கைத் தலையில் கட்டிவிடக் கூடாதே! பார்த்தால் சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும். "என் தம்பி சிரிக்க மாட்டான். அவன் சட்டிதான் சிரிக்கும்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லுவாள்.

"அந்த அண்டா..." என்றார்.

"எங்க வீட்டுதுதாண்ணே. அக்கா அண்டாதான் கோர்ட்டுல போய்க் குந்திக்கிச்சே! இது போன வருஷம் நீங்க பாதி விலைக்குப் போட்டீங்களே, அப்ப எடுத்தது. எங்க தெருவே வந்துச்சு, மறந்துட்டீங்களா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "பாவம் அக்கா, சந்தையில எவன்கிட்டயோ வாங்கி ஏமாந்துடுச்சு. தம்பி கடையில வாங்கியிருந்தா இந்தக் கதி வருமா?"

கடைக்காரர் அண்டாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் எதையும் மறக்கவில்லை. விற்பனையாள் போன மறுநாள் கிடங்கில் அதே கம்பெனியின் நாற்பது அண்டா இருந்தது. ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்குமா என்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தள்ளுபடிப் பலகையை மாட்டினார். ஒரே வாரத்தில் தீர்ந்தது.

தையல்காரம்மாவின் ஆறு வயது மகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். வாயருகே கொண்டு போனாள்.

"குடிக்காத!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து ஓடி டம்ளரைப் பிடுங்கினார். டீ அவர் சட்டையெல்லாம் கொட்டியது.

"ஏண்ணே, பால் திரிஞ்சிடுச்சா?" என்றாள் தையல்காரம்மா, ஒன்றும் புரியாமல்.

"துக்கத்துல என்னமோ மாதிரி ஆயிட்டாரு. உட்கார வைங்கப்பா" என்றார் யாரோ.

"யாரும் குடிக்காதீங்க. இதுவும் அதே கம்பெனி அண்டாதான். அக்காவோடதும் என் கடையில எடுத்ததுதான்."

வாசல் நாற்காலியில் இருந்த வக்கீலம்மா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அக்காவின் வழக்கை நடத்துகிறவள்.

"உங்க கடையா? எத்தனை வாட்டி கேட்டேன்! சந்தையில வாங்கினேன், யாருன்னு ஞாபகமில்லன்னே சாதிச்சாங்களே. கடை தெரியாததாலதான் 'அது எங்க சரக்கே இல்ல, போலி'ன்னு கம்பெனி சொல்லுது. வியாழக்கிழமை கேஸ் விழுந்துடும்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"அடியில என் முத்திரை இருக்குமேம்மா. இதோ, இது மாதிரி."

"அதுல இல்லைங்க. ஒரு இடம் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்கும்."

கடைக்காரர் அக்கா மகளைப் பார்த்தார். அவள் அம்மாவின் தலைமுடியைச் சீப்பால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அம்மாதான் அரம் வாங்கிட்டு வரச் சொன்னா. அந்த நடுங்குற கையோட மூணு நாள் உட்கார்ந்து தேய்ச்சா. நான் தேய்க்கிறேன்னேன், விடல."

"ஏன் பாப்பா?"

"'அவன் சின்னதுலேருந்தே பயந்தாங்கொள்ளிடி'ன்னா." சீப்பில் சுற்றிய முடியை எடுத்து விரலில் சுருட்டினாள். "பயப்படாதன்னு சொல்றதுக்குத்தான் மாமா உங்களுக்குப் போன் பண்ணிக்கிட்டே இருந்தா."

நடைவழியில் அடுப்பு மட்டும் சும்மா எரிந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா மகளைத் தன் காலோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் பார்வை அண்டாவிலிருந்து கடைக்காரருக்குப் போயிற்று. பிறகு அவரைப் பார்க்கவேயில்லை.

அவர் போய் அடுப்பை அணைத்தார். அண்டாவை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். கழுவினார். வாசல் சுவரோரம் குப்புற வைத்தார்.

"தெருவுல யார் யார் எடுத்தாங்க?" என்று தையல்காரம்மாவிடம் கேட்டார்.

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

"யோசிச்சுச் செய்யுங்க. நீங்களும் கூண்டுல ஏறணும். தெரிஞ்சே வித்தீங்களான்னு முதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றாள் வக்கீலம்மா.

"கேக்கட்டும்மா. கம்பெனி சரக்கு அனுப்பின சீட்டெல்லாம் கடையில இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முந்தினதும் இருக்கு."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருத்தி பாதிச் சமையலைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்தாள். ஒரு கிழவர் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். யாரும் கடைக்காரர் கையில் கொடுக்கவில்லை. கொண்டுவந்து குப்புற வைத்துவிட்டுப் போனார்கள். வக்கீலம்மா குனிந்து குனிந்து போட்டோ எடுத்தாள். சுவர் முடியும்வரை அண்டாக்கள் வெயிலில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

கடைக்காரர் உள்ளே வந்தார். அட்டையை எடுத்துப் பதினாறாக மடிக்கப் பார்த்தார். மடியவில்லை. அதைத் தூரப் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை பெஞ்சின் அந்தக் காலைக் கையாலேயே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.