நீலம் தொங்கிய ஆணி

பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். என் கால் எலும்பு முறிந்தபோது தங்கை கம்பளப் பட்டறையில் வாங்கிய முன்பணத்தில் மீதி அவ்வளவுதான். தறியில் இருக்கும் கம்பளத்தை முடித்தால் அதுவும் கழிந்துவிடும், வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தாள்.

நான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அந்தப் பக்கமாக ஒரு லோடு போனது. டிரைவரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

நீளமான கூடம். கம்பளித் தூசி மூக்கை அடைத்தது. சுவர் உயரத் தறியின் முன் பலகையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஸ்டூலில் ஒரு அம்மா, கட்டம் போட்ட தாளைப் பார்த்து நிறங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல முடிச்சுப் போட வேண்டும். பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்.

“ரெண்டு சிவப்பு, ஒரு நீலம், மூணு வெள்ளை...”

தங்கையின் கை தலைக்கு மேல் போய் நூலை இழுத்து, முடிந்து, கத்தியால் அறுத்தது.

“வாண்ணே. இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிற. சத்தத்துலயே தெரியுதே.”

“அண்ணனா? பேச்சுக் கொடுத்து வேலையைக் கெடுக்காதப்பா,” என்றாள் ரேடியோ.

“இந்த ரேடியோ வாயே மூடாதுண்ணே. பாட்டு மட்டும் வராது.”

தங்கைக்குப் பார்வை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அது ரேடியோவுக்கு மட்டும்தான் தெரியும். எந்த ஆணியில் எந்த நிறம் தொங்குகிறது என்கிற பழக்கத்திலேயே நெய்துகொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பலகையில் அவள் பக்கத்தில் உட்காரும்போது என் தோள் இடித்து இரண்டு நூலுருண்டைகள் விழுந்தன.

“என்னண்ணே விழுந்துச்சு?”

“நூல்தான். மாட்டிட்டேன்.”

நீலம் இருந்த ஆணியில் கறுப்பை மாட்டியிருந்தேன். கறுப்பு இருந்த ஆணியில் நீலத்தை.

ஒரு வரிசை முடிந்திருக்கும். முதலாளி சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர், எங்கள் தறியில் நின்றார்.

“நீலப் பூவுக்குள்ள கறுப்பா? ஏம்மா, கண்ணு தெரியலயா உனக்கு?”

கோபத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். தங்கையின் கை நின்றுவிட்டது.

“நான்தாங்க மாத்திப் படிச்சுட்டேன்,” என்றாள் ரேடியோ சட்டென்று. “என் கூலியில பிடிச்சுக்கோங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். அதோடு போயிருக்கும். நான் செய்த தப்புக்கு அடுத்தவள் கூலி போகலாமா என்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அவங்க மேல தப்பில்லீங்க. உருண்டை விழுந்துச்சு, நான்தான் ஆணி மாத்தி மாட்டிட்டேன்.”

“நீ மாத்தி மாட்டினா? கறுப்பு கையில வர்றது இவளுக்குத் தெரியாதா?”

அவர் வெள்ளை உருண்டையைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இது என்ன நிறம்?”

தங்கை என் பக்கம் திரும்பினாள். என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள்.

“கறுப்புங்க.”

ஆபீஸ் அறையில் அவரே ஒரு தாளில் எழுதி என்னிடம் தள்ளினார். நாற்பது தாண்டி எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். விரல் வைத்துப் படித்தேன். ‘வேலைக்குச் சேரும்போதே இவருக்குக் கண் கோளாறு இருந்தது. பட்டறைக்குப் பொறுப்பில்லை.’

“வரும்போது நல்லாத்தானே இருந்தா?”

“கையெழுத்துப் போட்டா கடனை அடிச்சுடறேன். போடலன்னா நிக்கும். கண்ணில்லாம எத்தனை வருஷத்துல கழிப்பா? நீயே சொல்லு.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கை, “போடுண்ணே,” என்றாள்.

கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த காலமாக இருந்தால், தாளில் என்ன இருந்தது என்று தெரியாமலே போயிருக்கும். எழுத்து எழுத்தாக என் பெயரைப் போட்டேன். அவர் பேரேட்டைப் புரட்டி, ஸ்கேல் வைத்து அவள் வரியின் மேல் கோடு இழுத்தார்.

“அடிச்சுட்டாராண்ணே?”

“அடிச்சுட்டார்மா.”