மூன்றாம் பீப்பாயின் தேதி

வெர்லினின் மூக்குக்குப் பயந்துதான் அந்த விஸ்கி கிளப்பே நடந்தது. பார்ட்ஸ்டவுன் ஊர்ப் பக்கம் போர்பன் விஸ்கி குடிக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஒரு மடக்கை வாயில் போட்டு மென்றுவிட்டு, "இது கிடங்கோட மேல்மாடியில வெயில்ல வெந்தது, இது கீழ குளிர்ல தூங்கினது" என்று சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். அது அவனுக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை கிளப்புக்கென்று ஒரே ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுப்பார்கள். வடிசாலைக்காரர்கள் அதை வேறெதோடும் கலக்காமல் பாட்டிலில் அடைத்து, கிளப் பெயரை ஒட்டிக் கொடுப்பார்கள். தோற்ற பீப்பாய்கள் பொதுத் தொட்டிக்குப் போகும். வெர்லின் இதற்கு இரண்டு விதிகள் போட்டிருந்தான். கிளாஸில் இருப்பதைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது. எல்லாக் கையும் உயர்ந்தால்தான் தேர்வு. அதனால் பீப்பாய்களின் தேதி எழுதிய முகத்தைச் சாக்கு போட்டு மூடிவிடுவது வழக்கம்.

இந்தச் சனிக்கிழமை வடிசாலைக் கிடங்குக்கு வந்தவர்கள் வெர்லின், அவன் எது சொன்னாலும் தலையாட்டும் ராய்ஸ், பர்டெட் அண்ணன் தம்பி, விதவையான நேடீன். வெர்லினின் மனைவி ரோண்டா குடிப்பதில்லை. திரும்பும்போது வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே என்று கூட வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

கிடங்குக்காரன் டென்னி பீப்பாய்க்குள் செம்புக் குழாயை விட்டு உறிஞ்சி ஒவ்வொருவர் கிளாஸிலும் ஊற்றினான். முதல் பீப்பாய் செர்ரியும் புகையிலையுமாக மணந்து, நெஞ்சில் வெகுநேரம் நின்றது. இரண்டாவதில் வறுத்த கடலை வாசம் வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது. மூன்றாவதை முகர்ந்ததும் வெர்லின் முகம் சுருங்கியது.

"என்னப்பா, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சி போகுது?" என்றான் ராய்ஸ்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி. பச்சை மரம். வயசு மட்டும் ஏறியிருக்கு, வளரவே இல்ல. இதெல்லாம் ஏன்தான் பொறந்துச்சோ!"

ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு கிடைத்த உற்சாகத்தில் வெர்லின் கிளாஸில் மிச்சமிருந்ததைத் துப்புகிற வாளியில் கொட்டினான். டென்னிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"பாவம், இவ்வளவு திட்டு வாங்கிருச்சு. மூஞ்சியையாவது பார்த்துட்டுப் போங்க" என்று சாக்கை இழுத்துவிட்டான்.

பீப்பாயின் முகத்தில், அதை நிரப்பிய தேதி வெள்ளை எழுத்தில் இருந்தது. மார்ச் பதினொன்று, ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

ரோண்டா எழுந்துவிட்டாள். அது அவர்கள் மகள் டாரா பிறந்த நாள். நாலு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தச் சிறு பெட்டிக்கு மண் போட்டவர்கள். டென்னிக்குத்தான் தெரியாது. அவன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

ரோண்டா பீப்பாயின் மேல் கை வைத்தாள். "இதுக்கு ஒன்பது வயசாகுது" என்றாள். பிறகு திரும்பாமலே, "இதை வாங்கிடு வெர்லின்."

ராய்ஸ் உடனே கை தூக்கினான். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்று கூசாமல் பொய் சொன்னான். பர்டெட் சகோதரர்களும் தூக்கினார்கள். கடைசியாக நேடீன் கை உயர்ந்தது.

வெர்லினால் அந்தக் கையைத்தான் பார்க்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், அவளும் அவள் கணவனும் கல்யாணம் செய்துகொண்ட தேதியில் நிரப்பிய பீப்பாய் ஒன்று இதேபோல வந்தது. கணவன் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மற்றவர்கள் சரி என்றார்கள். "இது கல்யாண ஆல்பம் இல்ல நேடீன், விஸ்கி" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டவன் அவன். இன்று கை தூக்கினால், அன்று செய்தது அநியாயம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இன்னொரு தடவை ஊத்து" என்றான். டென்னி ஊற்றினான். வெர்லின் கண்ணை மூடி மென்றான். ரோண்டா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோசமாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் தான் தயங்குவது அதனால் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றான். "கிளாஸ்ல இருக்கறதைத்தான் பார்க்கணும்."



"ஆஸ்பத்திரியில அவளை முதல்ல கையில வாங்கினப்ப அழுதியே" என்றாள் ரோண்டா. "அப்ப எந்த விதியைப் பார்த்து அழுத?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். ரோண்டா நேடீன் பக்கம் திரும்பினாள்.

"உன்னோட பீப்பாய் எங்க போச்சுன்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? பெரிய தொட்டியில கலந்துட்டாங்க. கடையில எந்த பாட்டிலைப் பார்த்தாலும் எங்க கல்யாண நாள் இதுல ஒரு சொட்டு இருக்குமோன்னுதான் தோணும். பைத்தியக்காரி மாதிரி வாங்கிட்டு வந்துடறேன்." நேடீன் கையை இறக்கினாள். "வா, உன்னை வீட்ல விட்டுடறேன்."

ரோண்டா கார் சாவியை வெர்லினின் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். நேடீனின் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

டென்னி மரத்தக்கையை எடுத்து மூன்றாம் பீப்பாயின் வாயில் அடித்து இறுக்கினான். மிச்சமிருந்த நாலு கையும் முதல் பீப்பாய்க்கு உயர்ந்தன. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. ராய்ஸ்தான் வெர்லினின் தோளைத் தட்டினான்.

"வேற எவனா இருந்தாலும் இளகியிருப்பான்ப்பா. உன் நாக்கை யாராலயும் விலைக்கு வாங்க முடியாது."

அவன் கையைத் தட்டிவிட்டு வெர்லின் வெளியே ஓடியிருக்கலாம். நேடீனின் வண்டி சாலைத் திருப்பத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அவன் அங்கேயே நின்றான். ராய்ஸ் சொன்னது, அந்த நேரத்திலும், அவனுக்கு இனித்தது.