எடை நோட்டு

குழந்தைகளுக்கென்றே படித்த முதல் டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து தலைமை நர்சுக்கு வயிற்றெரிச்சல்தான். பதினெட்டு வருஷமாகக் குழந்தைகள் வார்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று நழுவிவிடுவார்கள். இப்போது முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி வந்து, முட்டி போட்டு, கட்டிலுக்கடியில் ஒளிந்த வாண்டுகளோடு கதை பேசுகிறாள். அதுகளும் ஈயென்று இளிக்கின்றன.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். மறுவாரமே, அம்மாக்கள் பிள்ளைகளோடேயே தங்கலாம் என்று அந்தப் பெண் ஒரு விதி போட்டாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான்.

"கிருமியைத்தான் கொண்டு வருவாங்க டாக்டர். அம்மாவைப் பாத்தா புள்ளைங்க இன்னும் அழும்."

"அழட்டும் சிஸ்டர். தூக்க ஆள் இருக்குல்ல?"

அப்போ இத்தனை வருஷம் தூக்கினது யாராம்? தொடை எலும்பில் சீழ் பிடித்து மாசக்கணக்கில் கிடந்த மூன்று வயதுச் சுருட்டை, இவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெற்றவள் வந்து உட்கார்ந்த மூன்றாம் நாள், இவள் நீட்டிய ஸ்பூனைத் தட்டிவிட்டான். அன்று துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கும் அந்த விதி பிடிக்கவில்லை. "மூணு மாசம் பாப்போம். ஜுரம் கூடுனா, எடை குறைஞ்சா கதவைப் பூட்டிடலாம். நீங்களே எழுதி வைங்க சிஸ்டர்" என்றார்.

இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில் தானே ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி எடை பார்த்து எழுதினாள். பொய் எழுத அவளுக்கு அவசியமில்லை, நிஜமே போதும் என்று நம்பினாள். ஆனால் எடை ஏறிக்கொண்டே போனது. தராசுதான் கெட்டுவிட்டது என்று வேறொன்று வரவழைத்தாள். பாழாய்ப்போன அதிலும் ஏறியது.

மூன்றாம் மாசம் முடிந்தது. கண்காணிப்பாளர் நோட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

"நீங்க சொன்னாப் போதும் சிஸ்டர். பூட்டிடலாமா?"

ஒரு தலையாட்டலில் அந்தப் பெண்ணின் கொட்டம் அடங்கிவிடும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுருட்டை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்ததை எழுதியது அவள் கை.

"வேணாம் சார். எடை ஏறியிருக்கு. ஜுரமும் கூடல."

நோட்டை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் டாக்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி சிஸ்டர்."

"நன்றியெல்லாம் எதுக்கு? உங்களை மூட்டை கட்டி அனுப்பத்தான் எழுதுனேன்."

"தெரியுமே! அதனாலதான் உங்களையே எழுத வைங்கன்னு அவர்கிட்ட நான் கேட்டேன். நான் எழுதியிருந்தா யாரு நம்புவாங்க?"

தலைமை நர்ஸ் கையை உருவிக்கொண்டாள். இந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று அவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது.