கூடத்துக் கம்ப்யூட்டர்

வீடியோ கேம் ஆடக் கம்ப்யூட்டரா, பிளேஸ்டேஷனா என்று எங்கள் வீட்டில் சண்டை நடக்காத வாரம் கிடையாது. நான் கம்ப்யூட்டர் கட்சி. அண்ணன் ஜெயப்பிரகாஷ் பிளேஸ்டேஷன் கட்சி. மவுஸைப் பிடித்துக் குறி பார்த்துச் சுடுவதில் இருக்கிற சுத்தம், இரண்டு கட்டைவிரலால் குச்சியை நெம்பி நெம்பி ஆடுவதில் வருமா? வரவே வராது. சொன்னால் அவன் மண்டையில் ஏறினால்தானே.

"நீ ஆடறதுக்கு முன்ன அப்டேட்டு, டிரைவரு, வைரஸுன்னு அரை நாள் மெக்கானிக் வேலை பாக்கற. நான் பட்டனை அமுக்கினா ஆட்டம். இன்னா ஜாஸ்தி கண்டுட்ட நீ?" என்பான்.

அவன் பெட்டி அவன் அறையில் இருக்கிறது. என் கம்ப்யூட்டர் கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில். நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அப்பா படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்தது. படிப்பு முடிந்து, கொரோனாவில் வேலையும் வராமல் போனபின், டியூஷன் எடுத்த காசில் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டேன். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே எங்கள் ஊரில் கரண்டு போய்விடும். அதற்காக யு.பி.எஸ்.ஸும் வாங்கினேன்.

என்ன வாங்கி என்ன? கூடத்தில் இருக்கிற பொருளுக்கு ஊரே சொந்தக்காரர். ஆயம்மாள் அத்தைக்கு முதியோர் பென்ஷன் வந்ததா என்று பார்க்க வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்குப் பட்டா. யாருக்கோ ஆதார், யாருக்கோ ஹால் டிக்கெட். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது தோளைத் தட்டி, "கண்ணு, அந்தச் சுடறத அப்பறமா சுடு, இதக் கொஞ்சம் பிரிண்டு எடு" என்பார்கள். அண்ணன் அறைக் கதவை இதுவரை ஒருத்தரும் தட்டியதில்லை. பிளேஸ்டேஷனில் பட்டா எடுக்க முடியாதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு மேட்ச். ஐந்து பேர் அணி. சின்னசேலத்து தனுஷாதான் கேப்டன். நேரில் பார்த்ததுகூட இல்லை, ஹெட்செட் வழியாகத்தான் சிநேகம். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தூரத்தில் பதுங்கியிருந்து சுடுகிற ஆள் நான். "கோகிலா இருக்கறவரைக்கும் பின்பக்கம் பத்திக் கவலையே இல்ல" என்று தனுஷா சொல்வாள். என்னைப் பற்றி வேறு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிறு மதியம் கம்ப்யூட்டர் எனக்கு என்று ஒரு வாரமாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவும் தலையை ஆட்டியிருந்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த தை மாதம் அது. மறுநாள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மனு கொடுக்கும் போராட்டம். நான் ஹெட்செட்டை மாட்டும் நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். பின்னாலேயே எங்கள் சாதிச் சங்கத்துச் செயலாளர் கண்ணாயிரமும் நாலைந்து பையன்களும்.

"கள்ளக்குறிச்சில ஃப்ளெக்ஸ் கடையெல்லாம் ஒரே கூட்டம். பேனரு டிசைனை நாமளே பண்ணிக் குட்த்தா இன்னிக்கே அடிச்சித் தரேன்றான். அரை மணி நேரம்தான், எந்திரி" என்றான் அண்ணன்.

"எனக்கு மேட்ச் இருக்குதுன்னு சொன்னேன் இல்ல? உன் ரூம்ல ஒரு பொட்டி வச்சிருக்கியே, அதுல பண்ணேன்."

"அதுல எப்படிப் பண்றது? அது வெளாடறதுக்கு மட்டும்தான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஊரு விஷயம்மா. உங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் இவங்க அலைஞ்சிக்கினு இருக்காங்க. ஒரு வெளாட்டுக்குப் போயி மல்லுக்கு நிக்காத" என்றார்.

இட ஒதுக்கீடு வேண்டாமென்று நான் எப்போது சொன்னேன்? படித்துவிட்டு வேலை இல்லாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதே நான்தான். அத்தனை பேர் முன்னால் என்ன பேசுவது? எழுந்தேன். தமிழில் டைப் அடிக்க அவர்கள் யாருக்கும் வரவில்லை. பேனரின் தலைப்பு வரியையும் நானே அடித்துக் கொடுத்துத் தொலைத்தேன். 'எங்கள் பங்கை எங்களுக்குக் கொடு.'

பேனர் என்றால் மூஞ்சிகள் வேண்டும் என்கிற வழக்கம் இல்லாவிட்டால் அரை மணியில் முடிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கூலிங் கிளாஸ் போட்டது, கல்யாணத்தில் எடுத்தது, பைக் மேல் சாய்ந்து நின்றது. ஒரு மூஞ்சி கூடினால் மற்ற மூஞ்சிகளையெல்லாம் சின்னதாக்கி மறுபடி அடுக்க வேண்டும். ஒருவழியாக முடித்த பிறகு ஒரு பையன் தலையில் கை வைத்தான். "சின்னதுரை மாமா படத்த வுட்டுட்டமே. போன தபா வுட்டதுக்கே மனுசன் மாசக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசல." மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

போனில் தனுஷா கூப்பிட்டாள். "எங்கடி இருக்க? ஆட்டம் தொடங்கப் போவுது. நாலு பேரா ஆட முடியாது. எதுலயாவது உள்ள வந்து சேரு."

அண்ணன் பெரிய மனசு பண்ணினான். "என் ரூம்ல வந்து ஆடு. அதே ஆட்டம்தான். எது சவுகரியம்னு இப்பயாவது தெரியட்டும்."

அவன் அறைக் கதவைச் சாத்தியதும் கூடத்துச் சத்தம் நின்றது. எவ்வளவு நிம்மதியான அறை. இந்த அறை எனக்கிருந்தால் நானும் அவன் கட்சிக்கே போயிருப்பேன். ஆனால் என் கைக்கு அந்தக் குச்சி படியவில்லை. தள்ளினால் துப்பாக்கி கூரையைப் பார்த்தது, இழுத்தால் தரையைப் பார்த்தது. எதிராளி ஒருவன் நேராக என் முன்னால் நடந்து வந்தான். அவனை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைச் சுட்டேன். கூடவே வந்து பின்னால் நின்ற அண்ணன், "மெதுவா நெம்பு, மெதுவா" என்று பாடம் நடத்தினான். பின்பக்கமாக வந்தே எங்கள் ஐந்து பேரையும் முடித்தார்கள். தோற்றோம்.

நடந்ததைத் தனுஷாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்தக் கம்ப்யூட்டரு உன்னுது இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கூடத்துக்கு வந்தேன். பேனர் பென் டிரைவில் ஏறிக் கடைக்குப் போய்விட்டிருந்தது. சங்கத்து ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்குக் கை பழகல. அவ்ளோதான்" என்றான் அண்ணன்.

"ண்ணா, மாத்திக்கலாம். கம்ப்யூட்டர நீயே வச்சிக்க, சங்கத்துக்கு ஆவும். பிளேஸ்டேஷன எனக்குக் குடு. நான் பழகிக்கிறேன்."

"அதெப்படிக் குடுப்பேன்? அது என்னுது."

"அப்ப இது?"

"இது வூட்டுது."

ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை அவன். அப்பா டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

நான் ஒயர்களைப் பிடுங்கினேன். யு.பி.எஸ். விடாமல் கத்தியது. கம்ப்யூட்டர் கேபினட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எங்கம்மா தூக்கினு போற?" என்றார் அப்பா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

என் ரூமுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன்னறை அண்ணனுக்கு. உள்ளறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும். நான் படுப்பது கூடத்தில், அந்தக் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் பாயை விரித்து.

கேபினட் கனத்தது. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நடுக் கூடத்தில் நின்றேன்.