நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு

ஜூலை முதல் வாரம் தரவரிசைப் பட்டியலில் பத்தொன்பதாம் இடத்தில் நுழைந்த பாட்டு, ஆகஸ்ட் பிறந்தபோது முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. இத்தாலியில் ரிமினிக்குத் தெற்கே கடற்கரை முழுக்க, குடைக்குக் குடை அதுதான். பாடியவள் நிவேஸ். கடைத்தெருவில் நடந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட அவளுக்குக் கையசைத்தார்கள். அவளுடைய அம்மா ஈரிதே மட்டும் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் இருவருக்கும் தெரியும். போன நவம்பரில் நிவேஸின் தம்பி மிர்கோ, சனிக்கிழமை டிஸ்கோவில் ஆடிவிட்டு விடிகாலையில் திரும்பும்போது, நெடுஞ்சாலை வளைவில் காரை மரத்தில் மோதினான். வயது இருபது. அந்தச் சாலையில் இறந்தவர்களின் படம் இல்லாமல் திங்கட்கிழமைச் செய்தித்தாள் வருவது அபூர்வம். ஜனவரியில் நிவேஸ் பியானோ முன் உட்கார்ந்தாள். சனிக்கிழமைதோறும் அம்மா அவனிடம் சொல்லி அனுப்பியதையே பல்லவியாக எழுதினாள்: காலைக்குள் வந்துவிடு, கதவைத் தாழிடவில்லை.

மிக மெதுவான பாட்டு. தயாரிப்பாளர் தெல்மோ கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இசைத்தட்டின் பின்பக்கத்தில் நடன வடிவம் ஒன்று போட்டுவிடலாம், எல்லோரும் செய்வதுதான் என்றார். நிவேஸ் யோசிக்காமல் தலையாட்டினாள். அவர் அவளுடைய குரலை மட்டும் பிரித்தெடுத்து, நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு அடி விழும் டிரம்மின் மேல் ஒட்டினார். டிஸ்கோக்காரர்கள் தட்டின் முன்பக்கத்தைத் தொடவே இல்லை. மிர்கோ கடைசியாக ஆடிய இடத்திலும் அந்த நடன வடிவம்தான் ஓடுகிறது என்று அவள் காதுக்கு வந்தது.

ஈரிதே கடற்கரைக்குப் பக்கத்தில் ரொட்டி சுட்டு விற்கிறாள். மகன் போனதிலிருந்து கடையில் ரேடியோ கிடையாது. ஆனால் பக்கத்து ஐஸ்கிரீம் கடையின் ஒலிபெருக்கியை யார் நிறுத்துவது? அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அவள் உருட்டுக்கட்டையை மாவில் இன்னும் அழுத்தி உருட்டுவாள். நிவேஸ் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி தொலைக்காட்சியின் கோடை நிகழ்ச்சி அவர்கள் ஊர்ச் சதுக்கத்துக்கே வந்தது. அன்று காலை ஈரிதே மாவிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்:

"நானும் வரேன். முன் வரிசையில ஒரு நாற்காலி சொல்லி வை."

மதியம் ஒத்திகையின்போது நிவேஸ் மேடைக்குப் பின்னால் தெல்மோவைத் தேடிப் போனாள். அவர் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு மட்டும் பழைய மாதிரியே, பியானோவோடு, மெதுவாகப் பாடுகிறேன் என்றாள்.

"அந்த மைக்கைப் பாத்தியா? வயரே கிடையாது," என்றார் தெல்மோ. "டேப் ஓடும், நீ வாயசைப்ப. போப்பாண்டவரே வந்து பாடினாலும் இங்க வாயசைப்புதான்."

"எங்கம்மா முன்னாடி உக்காந்திருப்பாங்க, தெல்மோ."

அவர் பழத்துண்டைக் கீழே வைத்தார். "வர வேண்டாம்னு சொல்லிடேன்."

"வரேன்னு சொன்னதே அவங்கதான்."

தெல்மோ கொஞ்ச நேரம் விரல்களைத் துடைத்தார். "நான் கெட்ட எண்ணத்துல பண்ணலம்மா. நீ எழுதின மாதிரியே விட்டிருந்தா நானூறு பேர் கேட்டிருப்பாங்க. அதுல பாதி உங்க சொந்தக்காரங்க."

அவள் உடை மாற்றப் போனாள்.

சாயங்காலம், வெயில் இறங்கும் நேரத்தில், வெள்ளி நிற உடையில் மேடையேறினாள். பின்னால் நான்கு பெண்கள் ஆடினார்கள். முதல் பல்லவி வரை ஒழுங்காக வாயசைத்தாள். இரண்டாவது பல்லவியைச் சதுக்கமே கையில் எடுத்துக்கொண்டது. மூவாயிரம் பேர் குதித்துக் குதித்து, காலைக்குள் வந்துவிடு என்று கத்தினார்கள். நிவேஸ் வாயை மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் ஒரு எழுத்து பிசகாமல் தொடர்ந்தது. கேமராக்கள் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஈரிதே கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அசைவில்லை. ஆனால் வலது கை விரல்கள் பையின் மேல் தட்டிக்கொண்டிருந்தன, டிரம்மோடு அடிக்கு அடி சரியாக. சற்றுக் கழித்து ஈரிதேவே குனிந்து அதைப் பார்த்தாள். இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்தாள். பாட்டு முடியும்வரை விடவில்லை.

திரும்பும்போது இருவரும் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். பாலம் வந்ததும் ஈரிதே நின்றாள்.

"இந்தப் பாட்டு இன்னும் எத்தனை வாரம் இருக்கும்?"

"செப்டம்பர் பாதி வரைக்கும்னு தெல்மோ சொல்றாரு."

"நாளைக்குக் காலை ரயில்ல ஃபெராரா போறேன். உங்க பெரியம்மா வீட்டுக்கு."

"நாளைக்கா? பதினஞ்சாம் தேதி யாராவது கடையைச் சாத்துவாங்களா? கோடைத் திருவிழா, வருஷத்துலயே பெரிய வியாபார நாளும்மா."

"கேக்க நல்லாத்தான் இருக்கு, நிவேஸ். கை தானா போகுது. அதான் முடியல."

"நான் வேணும்னா அவங்ககிட்டப் பேசி, போடாதீங்கன்னு…"

"யார்கிட்ட? எல்லார்கிட்டயுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

காலையில் நிவேஸ் அம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்து கடையின் இரும்புக் கதவை இறக்கினாள். ரொட்டிக்கு அதற்குள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அவளை அடையாளம் கண்டு, முதுகில் தட்டி, கையெழுத்துக் கேட்டாள். போட்டுக் கொடுத்தாள். அதே பேனாவால் ஒரு தாளில், கடை விடுமுறை என்று எழுதினாள். எந்தத் தேதி வரை என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கதவில் ஒட்டினாள்.