மலைக்கோயில் படத்தில் பழைய சந்தனம்

மலாயாவில் கோப்பெங் தாண்டியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் ஆண்ட 1943ல், கங்காணி சன்னாசி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துப் பலாமரத்தில் ஒரு ஜப்பான் படத்தை ஆணியடித்து மாட்டினார். மரப்பலகையில் செதுக்கிக் காகிதத்தில் ஒற்றிய படம். செங்குத்தான படிகள், உச்சியில் சிவப்புக் கோயில், சுற்றிலும் கரும்பச்சை மரங்கள். மரமெல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"நேத்துதான் ஜப்பான்காரன் சயாம்லேருந்து கொண்டாந்தான். புத்தர் கோயிலு. ரயில் சடக்கு போடுற வேலை, தண்டவாள வேலை, இந்த மலை அடிவாரத்துலதான். மூணு மாசம், சோறு உண்டு. கைநாட்டு வைக்கிறவன் வா."

"அந்த வெள்ளை என்னாங்க கங்காணி?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"விபூதி மலைடா."

கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தவர்களுக்கு அது போதும். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கார்த்திகேசு கட்டைவிரலை மைக்கு நீட்டினான். அவன் போவதில் மனைவி ராக்காயிக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சாமி படமாயிற்றே. பொட்டு வைத்துவிட்டுச் சண்டை போடலாம் என்று சந்தனக் கிண்ணத்தோடு போனாள்.

விரல் வைக்கப் போன இடத்தில் ஏற்கெனவே ஒரு பொட்டு. காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் இன்னும் ஐந்தாறு.

"கங்காணி, ஜப்பான்காரன் எப்பலேருந்து சந்தனம் வைக்கிறான்?"

சன்னாசி திரும்பினார்.

"நேத்து வந்த படத்துல இது எத்தனை தோட்டத்துச் சந்தனம்? தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துத் தோட்டத்துல என் தம்பி, பத்துமலைன்னு பேரு, அவனும் ஒரு மலைக்கோயில் படத்தக் கும்பிட்டுட்டுத்தான் லாரி ஏறுனான். எட்டு மாசமாச்சு. எங்க அவன்?"

கார்த்திகேசுவின் விரல் மடங்கியது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

சன்னாசி படத்தைப் பிய்த்துச் சுருட்டினார். "கும்பிட்டுட்டுப் போனா மரியாதை. இல்லாட்டியும் காலையில லாரி வரும், இருபது பேரு ஏறணும். கார்த்திகேசு, மொதப் பேரு ஒன்னுதுதான்."

விடிவதற்குள் கார்த்திகேசுவும் இன்னும் எட்டுப் பேரும் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைப் பக்கத்துப் புதர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். லயத்து வீடுகளில் அகப்பட்டவர்களையெல்லாம் லாரியில் ஏற்றி ஜப்பான் சிப்பாய் எண்ணினான். பத்தொன்பது. துப்பாக்கிக் கட்டையால் சன்னாசியின் முதுகில் இடித்து, ஏறச் சொன்னான். சன்னாசி கும்பிட்டார், படத்தை விரித்துக் காட்டினார், ராக்காயியைக் கை காட்டினார். இன்னொரு இடி விழுந்தது.

"திரும்பி வாரப்ப விபூதி கொண்டாங்க, கங்காணி!" என்றாள் ராக்காயி.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வீட்டு நல்லம்மாளின் அப்பா, ஓடிப்போனவர்களுக்குப் பதிலாக ஏற்றப்பட்ட அறுபது வயதுக்காரர், லாரியின் கம்பியைப் பிடித்தபடி ராக்காயியையே பார்த்துக்கொண்டிருந்தார்.