ஓடைக்கரைப்பட்டிக் கண்மாய் சிவந்த நாள்

1976ஆம் ஆண்டு மாசி மாதம், ஓடைக்கரைப்பட்டிக் கண்மாயில் மொண்ட ஒரு குடுவைத் தண்ணீர், ஆய்வுக்கூடத்தில் இருந்த அமிலம் முழுவதையும் குடித்தது. வழியவில்லை; நிறமும் மாறவில்லை. எந்தத் தண்ணீரும் அமிலத்தை ஓரளவுதான் தாங்கும். தாங்க முடியாத சொட்டு விழுந்ததும், அதில் கலந்த சாயம் மஞ்சளிலிருந்து சிவப்பாகிவிடும். உதவியாளர் சுகிர்தம் புது அமிலம் வரவழைத்து மறுபடி செய்து பார்த்தாள். மஞ்சள்தான். உத்தமபாளையத்துக்கு மேற்கே இருந்த சாயப்பட்டறை ஒன்று, தன் அமிலக் கழிவை அந்தக் கண்மாயில் விட அனுமதி கேட்டிருந்தது. தண்ணீர் தாங்கும் என்றால் அனுமதி உண்டு. அதிகாரி சண்முகராஜ், கரையிலேயே அளந்து முடித்துவிடலாம் என்று அமில ஜாடிகளை ஜீப்பில் ஏற்றினார்.

ஊரே கரைக்கு வந்தது. இதே சோதனையில் பக்கத்து ஊர்க் கண்மாய்த் தண்ணீர் சீக்கிரமே சிவந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதில் எல்லோருக்கும் பெருமை. வேடிக்கை பார்க்க அந்த ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னால் நின்ற மொக்கம்மாள் அவர்கள் காதில் விழும்படி சொன்னாள்:

"ஊத்து ஆத்தா. எங்க கம்மா என்ன அவுக கம்மாயா, ஒரு சொட்டுக்கே மூஞ்சி செவக்க?"

முதல் ஜாடி தீர்ந்தபோது ஊரின் சுவர்களில் வெள்ளை இல்லை. எல்லோரும் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்ததால் சுகிர்தம் மட்டுமே அதைக் கண்டாள். இரண்டாம் ஜாடியில் கோயில் மதிலின் காரை உதிர்ந்தது, வெற்றிலை போடுகிறவர்களின் சுண்ணாம்பு டப்பா காலியானது, கோழிகள் ஓடில்லாமல் முட்டையிட்டன. அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இனி எலும்புதான் பாக்கி. அவள் கை தயங்கியது. நிறுத்தினால் வேலை இருக்காது என்று சண்முகராஜ் தாழ்ந்த குரலில் சொன்னார். மூன்றாம் ஜாடியின் முதல் சொட்டு விழுந்தது. மொக்கம்மாளின் இடுப்பில் இருந்த குழந்தையின் கால் கீரைத்தண்டு போல மடங்கியது.

சுகிர்தம் அமிலம் சொட்டும் குழாயை மூடினாள்.

"செவந்துருச்சு சார்."

"ஏம்மா, கண்ணு தெரியலயா?" குடுவை மஞ்சளாகவே இருந்தது. அவர் கை குழாயை நோக்கிப் போனது.

மொக்கம்மாள் குழந்தையின் காலைத் தடவினாள். பக்கத்து ஊர்க்காரர்களை ஒருமுறை பார்த்தாள்.

"செவப்புதான்யா. எங்க கம்மா நோஞ்சான் கம்மா. ஒரு சொட்டுத் தாங்காது."

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே ஊர் ஒவ்வொரு வாயாகச் சிவப்பு என்றது. சண்முகராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுற்றி நின்ற முகங்களையும் பார்த்தார். சிவப்பு என்று எழுதினார்.

பட்டறைக்கு அனுமதி கிடைக்கவில்லை. குழந்தை தாமதமாக, கொஞ்சம் கால் அகட்டி நடந்தது. அந்த ஊரில் அன்றிலிருந்து மஞ்சள் நிறத்துக்குச் சிவப்பு என்றுதான் பெயர். தேனிச் சந்தையில் அவர்கள் சிவப்புச் சாமந்தி கேட்டால், பூக்காரர்கள் மறுபேச்சில்லாமல் மஞ்சளில் முழம் போட்டுக் கொடுக்கிறார்கள்.